மேல் நெருப்பு

களி தின்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போய், மென்று தின்ன வேண்டிய பலகாரத்தைச் சுடுகிறேன் என்று கிளம்பியவள் நான். கேழ்வரகுக் களியை அங்கே யாரும் மெல்ல மாட்டார்கள். உருண்டையிலிருந்து கிள்ளி, கீரைச்சாற்றில் புரட்டி வாயில் போட்டால் நேரே தொண்டையில் இறங்க வேண்டும். போன புதிதில் நான் அதை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் அத்தை, அவள்தான் என் மாமியாரும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாடுகூட இதற்குள் அசைபோட்டு முடித்திருக்கும் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் என்னோடு பேச்சு என்று நடந்ததெல்லாம் அந்த மாதிரிதான்.

ஊர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வடக்கே, வேப்பனப்பள்ளிப் பக்கம் போகிற வண்டித்தடத்தில் இருந்தது. எங்கள் வீடு ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, கொல்லை ஓரத்தில். கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம், சில மாமரங்கள், ஒரு ஜோடி எருது, ஒரு கறவை மாடு. அத்தையின் வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகன். அவருக்குத்தான் என்னைக் கட்டி வைத்தார்கள்; நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். சம்பளம் வாங்கியதும் வருவார், ஒன்றிரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானும் அத்தையும்தான். வெளியே போனால் தெலுங்கு, இல்லாவிட்டால் கன்னடம். அத்தை மூன்று பாஷையிலும் சண்டை போடுவாள். எனக்குத் தமிழ் ஒன்றுதான், அதுவும் மலாயாவில் பிறந்து வளர்ந்த தமிழ். நான் பேசினால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். அதனால் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அந்தப் பலகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப்பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவார்கள். பக்கத்தில் இருந்த மலாய்க்காரி ஒருத்தியிடம் அம்மா பிங்கா என்கிற அந்தப் பலகாரத்தைச் சுடக் கற்றுக்கொண்டாள். அங்கே பிசுபிசுவென்று ஒட்டுகிற ஒருவகை அரிசி கிடைக்கும். அந்த அரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. கரைத்து, அரைவேக்காடாகக் கிண்டி, தட்டில் ஊற்றிச் சுட வேண்டும். ஆவியில் வைக்கிற பலகாரம் இல்லை அது. கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. மேல் தோல் கருஞ்சிவப்பாகக் காயும், ஓரம் முறுகும், நடுவில் கத்தியை வைத்தால் கத்தியோடு கூடவே எழுந்து வரும். வாயில் போட்டால் பல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு துண்டு தீருகிறவரை யாராலும் பேச முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடாத நேரம் அதுதான்.

மாவும் பாலும் அம்மா பொறுப்பு. மேல் நெருப்பு அப்பா பொறுப்பு. உள்ளே அடுப்பிலிருந்து தணலை ஒரு தகரத்தில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார். பலகாரத் தட்டின்மேல் அந்தத் தகரத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்வார். விசிறுவார், சாம்பலை ஊதுவார், தணலை ஓரத்துக்குத் தள்ளுவார். திறந்து பார்க்கவே மாட்டார். மூக்கைத் தூக்கி வாசனை பிடித்து, இறக்கு என்பார். இறக்கினால் சரியாக இருக்கும். அவர் செய்த வேலைகளிலேயே எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்த வேலை அதுதான்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்த பிறகு தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். காலராவில் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கடைசிவரை நன்றாக இருந்தார் என்று இன்னொருவர். சயாம்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கடை வைத்திருக்கிறார் என்று மற்றொருவர். அம்மா அந்தக் கடைசி ஆளை வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுகொண்டே அவர் சொன்னதைத்தான் நம்பினாள். நானும் நம்பினேன். அப்பா கெட்டவராக இருந்தாலும் பரவாயில்லை, எங்கேயாவது இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. லயத்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். தானும் போய் எட்டிப் பார்க்க மாட்டாள். அப்பாவுக்கு எந்தக் காரியமும் செய்யவில்லை. பிறகு அம்மா காய்ச்சலில் விழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார்கள். ஊருக்குக் கப்பலேறிய ஒரு குடும்பத்தோடு என்னையும் சேர்த்து, அப்பாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அத்தை மகனுக்கு நான்தான் என்று முன்பே பேச்சு இருந்ததாம்.

அத்தைக்கு அப்பாவின் மூக்கு. அப்பா மாதிரியே வார்த்தைக்கு முன்னால் ஒரு செருமல். முதல் நாள் அந்தச் செருமலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். தன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்திருப்பாள். நானாகவும் சொல்லவில்லை. ஆனால் தடத்தில் தூரத்தில் ஒரு ஆம்பளை நடந்து வந்தால் போதும், கொல்லையில் குனிந்து களை வெட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்துவிடுவோம். ஆள் கிட்டே வந்து முகம் தெரிகிறவரை பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வோம். அவள் யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும், நான் யாரைப் பார்த்தேன் என்று அவளுக்கும் தெரியும். அதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை.

தனிமை என்றால் ஆள் இல்லாதது என்று நினைத்திருந்தேன். அங்கே ஆள் இருந்தது. என் வாயில் இருந்த ருசியை அறிந்த இன்னொரு வாய்தான் இல்லை. பிங்கா என்றால் என்ன என்று அந்தச் சீமையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் எந்த நாளில் மறந்துபோகுமோ என்று பயம் வந்தது. ஒருமுறை சரியாகச் சுட்டு, அத்தையை ஒரு துண்டு தின்ன வைத்துவிட்டால் அந்த வீட்டில் நான் வேண்டாத விருந்தாளியாக இல்லாமல் ஒரு மனுஷியாக ஆகிவிடுவேன் என்று தோன்றியது. வெறும் பலகாரத்தைப் போய் அவ்வளவு நம்பினேன்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை வரும்போது தேங்காயும் வெல்லமும் வாங்கி வந்தார். அரிசி அத்தையின் குதிரில் விருந்தாளிக்கும் நோயாளிக்கும் என்று இருந்தது. கேட்டதற்கு, நீ எந்த நோயாளி என்றுதான் கேட்டாள், ஆனாலும் அளந்து போட்டாள். இடித்துச் சலித்து, கீழ் நெருப்பில் மட்டும் வைத்துச் செய்தேன். வந்தது ஒரு செங்கல். என் வீட்டுக்காரர் அதைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள் ரப்பர் பண்ணுவாள் என்று பார்த்தால் கல் பண்ணியிருக்கிறாள் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கடித்தும் தின்றார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

நம் பச்சரிசியில் அந்தப் பிசின் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது குந்தாரப்பள்ளிச் சந்தையில் சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் ஜவ்வரிசி விற்றுக்கொண்டிருந்தார். கையில் அள்ளிப் பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது என்றார். மரவள்ளியில் பிங்கா சுடுகிறவர்கள் மலாயாவிலும் உண்டு. வாங்கி வந்து ஊறவைத்து அரைத்து, அரிசி மாவோடு கலந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டினேன். கரண்டியைத் தூக்கினால் மாவு கூடவே நூலாக எழுந்தது. சட்டி முன்னால் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன்.

இனி மேல் நெருப்பு. எங்கள் சமையல்கட்டுக்குப் புல் கூரை, அதுவும் தலை இடிக்கிற உயரத்தில். தணலை உள்ளே வைத்து விசிறினால் வீடே போய்விடும். வாசலில்தான் சுட வேண்டும். தகரம் எதுவும் அங்கே இல்லை. பித்தளைத் தட்டெல்லாம் அத்தை கல்யாணத்துக்கு வந்த சீர், அதில் நெருப்பை வைப்பதற்குப் பதில் என் தலையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆகவே சந்தையில் குயவரிடம் போனேன். தெலுங்கில் என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. நெருப்பு வைக்க, என்று கையால் காட்டினேன். அவர் முகம் இறங்கிப்போய்விட்டது. வாயகன்ற ஒரு புதுச் சட்டியை எடுத்து, தட்டிக்கூடக் காட்டாமல் கொடுத்தார். விலையிலும் பேச்சில்லை. நான் போகும்போது தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எவ்வளவு மரியாதையான மனுஷர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை வாசலில் மூன்று கல் கூட்டி, கீழ் நெருப்பு போட்டு, பலகாரத் தட்டை ஏற்றினேன். உள்ளே போய் அடுப்புத் தணலைப் புதுச் சட்டியில் நிறைய அள்ளி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தேன். அத்தை வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். மோர் வாங்க வந்திருந்த பக்கத்துக் கொல்லைக்காரி படலண்டை நின்றிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். தெலுங்கில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சொம்போடு திரும்பி நடந்துவிட்டாள். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. சாவு வீட்டில் பிணத்தைத் தூக்கும்போது புதுச் சட்டியில் நெருப்பை எடுத்துக்கொண்டு மகன் முன்னால் நடப்பான் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், சாவு விழுந்தால் கதவைச் சாத்தி வளர்க்கப்பட்டவளுக்கு மட்டும் தெரியாத விஷயம். அந்த வீட்டு ஆம்பளையோ பூமிக்கு அடியில் வேலை செய்கிறவர். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். அதனால் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று பிங்கா நன்றாகவே வந்தது. அப்பா மாதிரி மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இறக்கு என்று எனக்கு நானே சொல்லி இறக்கினேன். வாழையிலையில் ஒரு துண்டு வைத்து அத்தை தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. மத்தியானம் எறும்பு மொய்த்திருந்தது. மீதியை நானே உட்கார்ந்து தின்றேன். எவ்வளவு நேரம் மென்றாலும் தீரவில்லை.

சாயந்தரம் பார்த்தால் சட்டியைக் காணோம். எருக்குழியில் உடைந்து கிடந்தது. எருது மிதித்திருக்கும் என்று நினைத்து அடுத்த சந்தையில் இன்னொன்று வாங்கினேன். அதே குயவர். இந்தத் தடவை எழுந்தே நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் திடுக்கிட்டுப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமாகவும் இருக்கிறது.

அத்தைக்கு இனிப்பு பத்தவில்லை போலிருக்கிறது என்று வெல்லத்தைக் கூட்டினேன். அதே மாதிரி தணலை ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை பார்த்தாள், கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இருட்டுகிறவரை வரவில்லை. இந்தச் சட்டியை எருது மிதிக்காமல் வைக்கோல்போருக்குள் ஒளித்து வைத்தேன். அதன் பிறகு கிணற்றடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். நெருப்பு வாங்க வருகிறவர்கள் வருவதில்லை. அத்தை களியை உருட்டி என் தட்டில் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு பலகாரம் பிடிக்கவில்லை என்பதற்காகவா இத்தனையும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வேறு தேசத்து ருசியென்றால் இவ்வளவு இளப்பமா என்று சட்டி பானையோடு முணுமுணுத்தேன். பதில் பேசாவிட்டாலும் அவைதான் என் பக்கத்தில் இருந்தன.

அப்புறம் சம்பள நாள் வந்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பெண்ணையாற்றில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம், அங்கே ஆள் சேர்த்துவிடப் போயிருப்பான் என்று ஊரில் யாரோ சொன்னார்கள். அத்தை அதை நம்பவில்லை. களி கிண்டினாள், தின்னவில்லை. தடத்தைப் பார்த்து வாசலில் உட்கார்ந்தே இருந்தாள். யார் வந்தாலும் எழுந்து நிற்பாள், அவர் இல்லை என்றதும் உட்காருவாள். எனக்கும் பயம்தான். ஆனால் அவளோடு சேர்ந்து பயப்படக்கூட அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் எப்படியும் இன்று வந்துவிடுவார், வந்தால் அவர் சிரித்துக்கொண்டு தின்ன ஒன்று இருக்கட்டும் என்று கடைசிப் பிடி அரிசியை இடித்தேன். வைக்கோல்போரிலிருந்து சட்டியை எடுத்தேன்.

நிலைப்படியில் கால் வைத்தபோது அத்தை எதிரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். தணல் சூடு முகத்தில் அடித்தது.

"யாருக்கு எடுக்கற நீ?"

"மாமாவுக்குத்தான் அத்தை. இன்னிக்கி வந்துருவாங்க."

அவள் என் கையை விட்டுவிட்டாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் செருமிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த வாசல்லதான் எங்க வூட்டுக்காரருக்கு என் மவன் எடுத்துக்கினு நடந்தான். சின்னப் புள்ள. சூடு தாங்காம கைய மாத்தி மாத்திப் புடிச்சான். இதே மாதிரி புதுச் சட்டி. அவன் அங்க மண்ணுக்கு அடியில கெடக்கறான், நீ இங்க மறுக்கா மறுக்கா எடுத்துக்கினு வர."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குயவரின் துண்டு, கிணற்றடிக் குடங்கள், எருக்குழியில் கிடந்த ஓடு, எல்லாம். சட்டியைக் கீழே வைத்தேன். கை எரிந்தது. எனக்குத் தெரியாது அத்தை என்றேன். தெரியாமல் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். யாராவது செய்து பார்த்திருந்தால்தானே தெரியும், அப்பாவுக்கே யாரும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இரண்டு பேரும் தொடாமல் சுற்றிப்போன பேச்சு, ஆத்திரத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அத்தை மெல்லத் திரும்பினாள். தன் அண்ணனுக்குக் காரியம் எதுவுமே செய்யவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அம்மா தாலியோடுதான் போனாள் என்றேன். சயாம்காரி கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, வையவும் இல்லை. தணல் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எடுத்தது எடுத்ததுதான் புள்ள," என்றாள் கடைசியில். "யாருக்குன்னு சொல்லாம எடுத்துட்ட. அதான் எனக்கு பயம். உங்கப்பனுக்குன்னு சொல்லி எடுத்துரு."

"அவரு இருந்தா?"

"இருந்தா எனக்கு ஒரு சேதி அனுப்பமாட்டானா? நானும் அவன் வருவான்னுதான் தடத்தப் பாத்துக்கினு கெடந்தேன். போதும். இருக்கறவனாவது இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உன் மகனைக் காப்பாற்ற என் அப்பாவைக் கேட்கிறாயா என்று நெஞ்சுக்குள் கத்தினேன். இதையெல்லாம் நான் நம்பவில்லை. சட்டியில் இருப்பது பலகாரம் சுடுகிற தணல், அதற்கு யார் பெயரும் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாளைக்குத் தங்கவயலிலிருந்து வேறு மாதிரி சேதி வந்தால்? அவள் கேட்டது என்னுடைய அப்பாவை மட்டுமா, தன் அண்ணனையும்தானே கொடுக்கிறாள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கு உறைத்தது. சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் அமாவாசை. அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, முதலில் பலகாரத்தைச் சுடு, அவன் தின்றதையே வைக்கலாம் என்றாள். முந்தின நாள் இடித்து வைத்திருந்த மாவைக் கிண்டும்போது பக்கத்தில் வந்து நின்று தேங்காய்ப்பாலை அவளே ஊற்றினாள். தணலையும் அவளே சட்டியில் அள்ளி என் கையில் கொடுத்தாள். நிலைப்படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நான் அதைத் தட்டின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். விசிறினேன், சாம்பலை ஊதினேன், தணலை ஓரத்துக்குத் தள்ளினேன். அப்பா எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாசனை வந்துவிட்டது. வந்தும் இறக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இருந்தேன். ஓரம் தீய ஆரம்பித்தபோது அத்தைதான் என் தோளைத் தொட்டாள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. கொல்லைக் கடைசியில் எங்கள் வரப்பு முடிகிற இடம்வரைதான் போனோம். நான் சட்டியோடு முன்னால், அத்தை இலையில் பலகாரத்தோடு பின்னால். சூடு தாங்கவில்லை. அவள் மகன் செய்த மாதிரி நானும் கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன். வரப்பில் சட்டியை இறக்கி வைத்தேன். சொல்லு என்றாள் அத்தை. அவள் அவசரப்படுத்தாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, "அப்பாவுக்கு" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்கிறவரை எனக்கு அப்பா இருந்தார்.

அத்தை சத்தம் போட்டு அழுதாள். அண்ணா, அண்ணா என்று தெலுங்குக்காரர்கள் கொல்லைவரை கேட்க அழுதாள். நான் அழவில்லை. சொம்புத் தண்ணீரைத் தணலில் ஊற்றினேன். உஸ்ஸென்று அடங்கியது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கல்லில் உட்காரவைத்து அத்தையே தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். என் அம்மா போன பிறகு என் தலையில் இன்னொரு கை பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு வாசலில் உட்கார்ந்து பலகாரத்தைத் தின்றோம். அத்தை ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, களியை விழுங்குகிற மாதிரி விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் நின்றுவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீர். முதுகைத் தட்டினேன். மென்று தின்ன வேண்டும் அத்தை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை மென்றாள். நானும் மென்றேன். தீருகிறவரை இரண்டு பேரும் பேசவில்லை. நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வாயில் தீய்ந்த ஓரத்தின் கசப்புதான் தெரிந்தது.

வெயில் சாயும்போது தடத்தில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. அத்தை எழுந்து கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டாள். பாதித் தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் படலைத் திறந்துகொண்டு ஓடினாள். கூட வேலை செய்கிற ஒருவர் ஊருக்குப் போய்விட்டதால் அந்த ஆள் வேலையையும் இவரே சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டதாம், வேறொன்றும் இல்லையாம். மகன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற வழியெல்லாம் அவனை வைதுகொண்டே வந்தாள்.

நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. தடத்தின் புளியமரத்துத் திருப்பத்தில், ஆள் வெறும் புள்ளியாக இருக்கும்போதே அவர்தான் வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அப்பாவாக இருக்குமோ என்றே பார்ப்பதால், கிட்டே வந்து முகம் தெரிகிறவரை எனக்குத் தெரிந்ததே இல்லை. உள்ளே போய், அவருக்கென்று இலையில் மூடி வைத்திருந்த துண்டை எடுத்து வந்தேன்.